உணர்ச்சி இல்லாத காலில் எரிச்சல் எப்படி வரும்?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்தில் புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்கும்போது கீழே விழுந்துவிட்டார். முதுகெலும்பு முறிந்து, கம்பி வைத்து அறுவைசிகிச்சை செய்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி10’ என்று எழுதியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை. தொட்டால் தெரிவதும் இல்லை. ஆனால் ஓராண்டாக இரண்டு கால்களும் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிகின்றன என்கிறார்; இரவில்தான் அதிகம். வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போலவும் இருக்கிறதாம். இப்போது வலது தோளும் வலிக்கிறது. ‘தொட்டால் தெரியாத காலில் வலி மட்டும் எப்படித் தெரியும்?’ என்று என் மாமியார் கேட்கிறார். திண்ணையில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து புளி தட்டும்போது இரண்டு மணி நேரம் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை; அதனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. பிரீகாபலின் 75 மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டார். மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை. கம்பியை எடுத்துவிட்டால் சரியாகுமா? பெங்களூரில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் வலியும் போகும், நடக்கவும் முடியும் என்று ஒருவர் சொல்கிறார். அதற்காக மாந்தோப்பை விற்கலாமா என்று யோசிக்கிறோம். போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்றும் சிலர் சொல்கிறார்கள். போன வாரம் ‘இந்தக் காலை வெட்டிப் போட்டுவிடுங்கள்’ என்று அழுதார். நாங்கள் என்ன செய்வது?

— காரிமங்கலம் பகுதியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவருக்கு இருப்பது உண்மையான வலி. மருந்து, ஊசி, தோப்பு விற்பனை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாக இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட கேள்வியை நான் குறையாகப் பார்க்கவில்லை. மருத்துவனாகப் பணியில் சேர்ந்த புதிதில், இதே போன்ற ஒரு நோயாளியின் பாதத்தைக் குண்டூசியால் குத்திப் பார்த்து, அவர் அசையாமல் இருந்ததைக் கண்டு, “உணர்ச்சியே இல்லை, பிறகு எப்படி வலிக்கும்?” என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு, அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி வருகிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மாமியாருக்கு விளக்க ஒரு வழி சொல்கிறேன். காது மந்தமான பெரியவர்கள் பலருக்குக் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதை அவர் அறிந்திருப்பார். வெளியே எந்த ஓசையும் இல்லை; காதிலிருந்து மூளைக்குப் போகவேண்டிய செய்தி குறைந்துபோனதால், அந்தச் செய்திக்காகக் காத்திருக்கும் நரம்புகள் தாமாகவே இரையத் தொடங்குகின்றன. காலிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. காலிலிருந்து சூடு, குளிர், வலி ஆகியவற்றைச் சுமந்து செல்லும் நரம்புப் பாதை, டி10 எனப்படும் பத்தாவது மார்பு நரம்பின் மட்டத்தில் அறுபட்டுவிட்டது. அதற்கு மேலே தண்டுவடத்திலும் மூளையிலும் இருக்கும் நரம்பணுக்கள், வரவேண்டிய செய்தி வராத நிலையில், சிறிய தூண்டலுக்கும் தூண்டலே இல்லாதபோதும் மின்துடிப்புகளை அனுப்பும் அளவுக்கு மிகையாகக் கிளர்ச்சியடைந்துவிடுகின்றன. மூளையில் காலுக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அப்படியே இருப்பதால், அந்தத் துடிப்பை அது ‘கால் எரிகிறது’ என்றே படிக்கிறது. தொடு உணர்வு இல்லாததும் எரிச்சல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இரண்டுக்கும் காரணம் தண்டுவடத்தில் பட்ட ஒரே காயம்தான்.

காலை வெட்டினாலும் எரிச்சல் போகாது என்பதற்கும் இதுவே காரணம். ரொனால்ட் மெல்சாக், ஜான் லோசர் என்ற இரு ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தண்டுவடத்தின் அடிபட்ட பகுதியையே அறுவைசிகிச்சையில் நீக்கிய பிறகும் சிலருக்குக் கால் வலி தொடர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். கால் இல்லாவிட்டாலும் காலின் வலி இருக்கும். கம்பிக்கும் இதே பதில்தான்: கம்பியை எடுப்பதால் காலின் எரிச்சல் குறையாது. கம்பியோ திருகாணியோ தளர்ந்திருந்தால், அறுவைசிகிச்சை செய்த இடத்தில், அதாவது முதுகில், திரும்பும்போதும் எழுப்பி உட்காரவைக்கும்போதும் வலிக்கும். அப்படி இருந்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

புளி தட்டும் நேரத்தில் அவர் வலியைப் பேசுவதில்லை என்பதை வீட்டார் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதே சாட்சியை அவர் பக்கம் வைக்கிறேன். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து, வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் நம் எல்லோருக்கும் உண்டு. கவனம் வேறொன்றில் ஊன்றும்போது அவை வலுப்பெறுகின்றன. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் விரலில் படாமல் தட்டிக் கொட்டையை வெளியேற்றும் வேலைக்குக் கண்ணும் கையும் மனமும் ஒருசேர வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்தபின் கவனத்துக்கு வேறு எதுவும் இல்லை. வீடு அமைதியானதும் காது இரைச்சல் பெரிதாகக் கேட்பது போல, எரிச்சலும் அப்போதுதான் பெரிதாகிறது. நடிப்பவருக்கு ஆள் பார்க்கும்போதுதான் வலிக்கும். இவருக்கு எல்லோரும் தூங்கியபின் வலிக்கிறது.

இனிச் சிகிச்சைக்கு வருகிறேன். உங்கள் கணவருக்கு இருப்பது ஒரு வலி அல்ல, மூன்று. மூன்றையும் ‘வலி’ என்ற ஒரே சொல்லால் மருத்துவரிடம் சொன்னால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரைதான் கிடைக்கும். அது எதற்கும் சரியாகக் கேட்காது. கால்களின் எரிச்சல், அடிபட்ட மட்டத்துக்குக் கீழே உண்டாகும் நரம்பு வலி. விபத்து நடந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தொடங்குவது இதன் இயல்பு. வயிற்றைச் சுற்றிக் கயிறு போல இறுக்குவது, அடிபட்ட மட்டத்திலேயே உண்டாகும் நரம்பு வலி. டி10 நரம்பு தொப்புளின் மட்டத்தைச் சுற்றி ஓடுவதால், அவர் கயிறு என்று காட்டும் இடம் அந்த நரம்பு ஓடும் வழிதான். தோள் வலி இவ்விரண்டோடும் சேராது. அது தசைநாரிலும் மூட்டிலும் உண்டான தேய்மானத்தின் வலி. உணர்ச்சியுள்ள இடத்தில் வரும் சாதாரண வலி. மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் தோளுக்குச் சில நாள் உதவலாம், எரிச்சலுக்கு உதவாது. அதைத் தொடர்ந்து சாப்பிடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் பொருந்தும். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கோ, சிறுநீர்ப்பையின் கோளாறால் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. மாத்திரையால் குடற்புண் வந்தாலும், வயிற்று வலி அவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஆகவே அந்த மாத்திரைகளை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

புதிய மருந்தைத் தொடங்குவதற்கு முன், எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றுவது எது என்று தேடவேண்டும். உணர்ச்சியற்ற உடம்பில் ஏற்படும் எந்தத் தொல்லையும் தன் இடத்தைச் சொல்லாது. ஏற்கெனவே இருக்கும் எரிச்சலைக் கூட்டித்தான் தன்னைத் தெரிவிக்கும். நான் பார்த்த ஒருவருக்கு, அடங்கியிருந்த எரிச்சல் ஒரே வாரத்தில் தாங்கமுடியாத அளவுக்கு ஏறியது. மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லித்தான் வந்தார். அவரது காலுறையைக் கழற்றியபோது, இடது கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்து ஏறிச் சீழ் பிடித்திருந்தது. நகத்தைச் சரிசெய்து புண் ஆறியதும் எரிச்சல் பழைய அளவுக்கு இறங்கியது. மாத்திரையில் கைவைக்கவே இல்லை. சிறுநீர்த் தொற்று, இரண்டு மூன்று நாள் மலச்சிக்கல், புட்டத்தில் தொடங்கும் படுக்கைப்புண், தெரியாமல் முறிந்த கால் எலும்பு, ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வரும் இரத்தக்கட்டு ஆகிய எல்லாம் இப்படி வலியாகவே முதலில் தலைகாட்டும். இதற்கு நீங்கள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்தபின் எறியாமல், அதன் பின்புறத்தில் அன்றைய எரிச்சல் பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினார், மலம் கழித்தாரா, சிறுநீர் கலங்கியோ நாற்றமடித்தோ இருந்ததா, தோலில் சிவப்பு உண்டா என்பதை இரண்டு வரியில் எழுதி ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். ஒரு மாதத் தாள்கள் இருந்தால், புறநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களிலேயே மருத்துவருக்கு வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அடிபட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து வலி தொடங்கியிருப்பதால், தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உண்டாகி வளர்கிறதா என்பதை ஒரு முறை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. உணர்ச்சியின் எல்லை தொப்புளிலிருந்து மேலே ஏறினாலோ, இருமும்போதும் தும்மும்போதும் வலி பாய்ந்தாலோ, கையில் மரப்போ பலக்குறைவோ தெரிந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கம்பி வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். இப்போது முதுகெலும்புக்கு வைக்கப்படும் கம்பிகள் பெரும்பாலும் டைட்டானியத்தால் ஆனவை, அவை தடையல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துச் சென்று ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

பிரீகாபலின் பற்றி. இந்த வலிக்கென்றே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் தண்டுவடக் காயத்தின் நரம்பு வலிக்கு இதை அனுமதித்தது. நரம்பணுக்களின் கால்சிய வாயில்களில் ஒட்டிக்கொண்டு, அவை மிகையாகத் துடிப்பதை இது தணிக்கிறது. ஆனால் 75 மில்லிகிராம் வீதம் பத்து நாள் என்பது சோதனையே ஆகாது. குறைந்த அளவில் தொடங்கி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உயர்த்தி, உடம்பு தாங்கும் அளவில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தபிறகே கேட்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டும். தலைசுற்றலும் மயக்கமும் தொடக்கத்தில் பலருக்கு வருபவை. 75க்குப் பதிலாக இன்னும் குறைந்த அளவில், இரவில் மட்டும் தொடங்கினால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், தொடங்குமுன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்ப்பது கட்டாயம். பாதம் வீங்கலாம், எடை கூடலாம். பழகியபின் திடீரென்று நிறுத்தக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் மூச்சைத் தாழ்த்திவிடும். வலி தாங்காமல் இரவில் குடிக்கும் பழக்கம் அவருக்கு வந்திருக்குமானால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சீட்டு இல்லாமல் இதைத் தர மறுக்கும் மெடிக்கல்காரர்மீது கோபப்படாதீர்கள். அவர் செய்வது சரி.

பிரீகாபலின் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதன் உறவினரான கேபாபென்டின் இருக்கிறது. தூக்கம் கெட்டு, மனச்சோர்வும் சேர்ந்திருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராம் என்ற சிறு அளவில் இரவில் தொடங்கலாம். அது மலச்சிக்கலையும் சிறுநீர் தேங்குவதையும் கூட்டக்கூடியது என்பதால், அவர் டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கிறாரா, எத்தனை மணிக்கு ஒருமுறை என்பது மருந்து எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டுலாக்செட்டின் மற்றொன்று. இவை எதுவும் கேட்காதபோது டிரமடாலைச் சிலர் எழுதுவார்கள். நான் அதைக் கடைசியில், குறுகிய காலத்துக்கு மட்டுமே எழுதுவேன். வைட்டமின் பி12 ஊசியை நரம்பு ஊசி என்ற பெயரில் வாரந்தோறும் போட்டுக்கொள்பவர்கள் நம் பகுதியில் ஏராளம். இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தால் அது தேவை. குறையில்லாதவருக்கு அதனால் எரிச்சல் அடங்காது.

எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வகை நரம்பு வலிகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்புகளில், வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறையவேண்டுமானால் ஏழெட்டுப் பேருக்குப் பிரீகாபலின் கொடுக்க வேண்டியிருந்தது. வலியை அடியோடு துடைத்தெடுக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. உண்டு என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் பத்துக்கு எட்டாக இருப்பது ஐந்தாக இறங்குவது சிறிய காரியமல்ல. எட்டில் மனிதன் தூங்குவதில்லை, ஐந்தில் தூங்குகிறான். தூங்கியவனுக்கு மறுநாள் அதே ஐந்து இன்னும் சற்றுக் குறைவாகவே தெரிகிறது. நான் சிகிச்சையின் பலனை முதலில் தூக்கத்தின் மணிக்கணக்கில்தான் அளக்கிறேன்.

கால் எரிகிறது என்றதும் வீட்டில் பெரியவர்கள் ஒத்தடம் கொடுக்க முனைவார்கள். செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றியோ, உப்பை வறுத்து முடிச்சாகக் கட்டியோ, வெந்நீர்ப் பையையோ அந்தக் கால்களில் ஒருபோதும் வைக்காதீர்கள். சூடு மிஞ்சிவிட்டது என்று சொல்ல அந்தத் தோலுக்கு வழியில்லை. காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பியிருக்கும், அது ஆற மாதக்கணக்காகும். மார்கழிக் குளிரில் எரிச்சல் கூடுகிறது என்பார்கள். அப்போதும் கம்பளியும் பருத்திக் காலுறையும் போதும், அடுப்பருகிலோ கணப்பருகிலோ காலை நீட்டி உட்காரக் கூடாது. உணர்ச்சியுள்ள வயிற்றுப் பகுதியில், கயிறு இறுக்கும் இடத்துக்குச் சற்று மேலே, கையால் எண்ணெய் தடவி நீவிவிடுவதில் தவறில்லை. சிலருக்கு அந்த இடத்தில் டென்ஸ் எனப்படும் சிறு மின்தூண்டல் கருவி உதவுகிறது. பிசியோதெரபிஸ்டிடம் ஓரிரு வாரம் போட்டுப் பார்த்து, உதவினால் மட்டும் வாங்குங்கள்.

தோளை அலட்சியப்படுத்தாதீர்கள். மூன்று வலிகளில் முழுதாகக் குறைய வாய்ப்புள்ளது இதுதான். கவனிக்காவிட்டால் அவரைப் படுக்கையில் தள்ளக்கூடியதும் இதுதான், ஏனென்றால் அவருடைய கால்களின் வேலையையும் இப்போது தோள்கள்தான் செய்கின்றன. கட்டிலும் சக்கர நாற்காலியும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டில் நான்கு விரல் தாழ்ந்திருந்தாலும், நாற்காலிக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் உடம்பின் முழு எடையும் அந்தத் தோளில் விழும். கட்டில் காலுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்திவிடலாம். ஊரில் உள்ள ஆசாரியிடம் இரண்டரை அடி நீளத்தில், சிராய் இல்லாமல் இழைத்து, முனைகளை மழுக்கி ஒரு பலகை செய்து வாங்கினால், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையில் அதைப் பாலமாக வைத்து, தூக்கிப் போடாமல் நகர்ந்து மாறலாம். காற்றடைக்கும் டயர் என்றால் வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள். காற்றிறங்கிய டயரோடு மண்பாதையில் உருட்டுவது தோளுக்குத் தினமும் மலையேற்றம். தோள்பட்டையைப் பின்னுக்கு இழுக்கும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை, கதவுக் கொக்கியில் கட்டிய ரப்பர் பட்டையைக் கொண்டே செய்யலாம். எப்படி என்பதை பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நேரில் காட்டிவிட வேண்டும்.

மாந்தோப்பை விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்களுக்குச் செய்யப்படும் எலும்புமஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தருவதற்கு இடமில்லை. ஆய்வாக நடத்துபவர்கள் அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. ஆகவே பணம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்குப் போதுமான பதில். அது மட்டுமல்ல, அடிபட்ட தண்டுவடத்துக்குள் எதையாவது செலுத்தியபின் நரம்பு வலி கூடிப்போன நோயாளிகளும் உண்டு.

ஃபுளோரைடு பற்றிய பேச்சு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெறும் வதந்தி அல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல்லாண்டுகள் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு முதுகும் கழுத்தும் முழங்காலும் இறுகி வலிக்கும். முற்றிய நிலையில் முதுகெலும்பை ஒட்டிய நார்கள் எலும்பாகித் தண்டுவடத்தையே நெரிப்பதும் உண்டு. ஆனால் மரத்திலிருந்து விழுந்தபின், தொப்புளுக்குக் கீழே மட்டும் எரியும் வலிக்கு அது காரணம் ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய் நீரைப் பயன்படுத்துங்கள். வலிக்கான காரணத்தை அங்கே தேடவேண்டாம்.

‘காலை வெட்டிப் போட்டுவிடுங்கள்’ என்று அவர் அழுததைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதை வலியின் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து, “செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் பலர் அழுதுவிட்டுச் சொல்லிவிடுகிறார்கள். தோப்புக்கும் வயலுக்கும் வாங்கிவைத்த பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், இன்றைக்கே அதை அவர் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்துக்கு மாற்றுங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், தமிழக அரசின் 104 எண்ணிலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். அவர் ‘ஆம்’ என்று சொன்னால் தனியே விடாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் வலி பொய் என்று ஆகிவிடாது. வலியோடு வாழப் பழக்கும் உளவியல் பயிற்சியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். இரவு இரண்டு மணிக்கு அவரோடு விழித்திருப்பவர் நீங்கள் என்பதால், வாரத்தில் இரண்டு இரவாவது மாமியாரோ கொழுந்தனாரோ முறைவைத்துக்கொள்ளட்டும்.

எங்கே செல்வது என்றால், முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே செல்லுங்கள். கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன், மருந்தைத் தொடங்குவது ஆகியவற்றுக்கு அதைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. தோளுக்கான பயிற்சிக்கு வாகனம் வைத்துப் போகவேண்டிய தேவையும் குறைவு. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சேவையும் அதில் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ‘பாலியேட்டிவ்’ நர்ஸ் வருகிறார் என்றதும் கடைசிக் காலத்துக்கானவர் என்று பயந்துவிடாதீர்கள். வலியைத் தணிப்பதும் அவர்களுடைய வேலைதான். மூன்று மாதத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மறுவாழ்வு மையத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1966இல் அதைத் தொடங்கிவைத்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தவர். உங்கள் கணவரிடம் அதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

புளி தட்டும் வேலையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் வலியை மறக்கவைக்கும் ஒன்றை நான் எந்தச் சீட்டிலும் எழுதித் தர முடியாது. ஆனால் மடித்த சாக்கின் மேல் உட்காருவதை இன்றே மாற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்கென்று தரப்படும் மெத்தையையே திண்ணையிலும் போட்டுக்கொள்ளட்டும். அரை மணிக்கு ஒருமுறை கைப்பேசியில் மணி அடிக்கும்படி வைத்து, அடித்ததும் வேலையை விட்டுவிட்டு முன்பக்கமாகவும் பிறகு இருபக்கமும் நன்றாகச் சாய்ந்து, புட்டத்தின் பாரத்தை இரண்டு நிமிடம் இறக்கட்டும். தோள் வலி தீரும்வரை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவேண்டாம். தட்டும்போது தெறிக்கும் கொட்டை ஒன்று தொடைக்கு அடியில் போய்ச் சிக்கினால் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஒரு மணி நேரத்தில் அதன் அளவுக்கே தோல் கன்றிப்போய், அன்றிரவு எரிச்சல் ஏன் கூடியது என்று நீங்கள் எல்லோரும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு முறை சாயும்போதும் மெத்தையின் மேல் கொட்டையோ ஓட்டுத்துண்டோ கிடக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்துத் தட்டிவிட்டபிறகே மறுபடி சுத்தியலை எடுக்கட்டும்.